சம்பளம் வாங்காத சொந்தக்காரர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலச் சட்டம் எட்டு உறவுகளை எண்ணி வைத்திருக்கிறது: அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்த ஆண், உடன்பிறந்த பெண். இவர்களில் ஒருவர் பள்ளி மாவட்டத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தால், அந்த மாவட்டத்தின் கல்வி வாரியத்தில் நீங்கள் உறுப்பினராக முடியாது. மாவட்டத்தின் பள்ளிகளை நிர்வகிக்கும் கண்காணிப்பாளர், வாரிய உறுப்பினரின் உறவினரை வேலைக்கு எடுக்கக் கூடாது. கண்காணிப்பாளரின் சொந்த உறவினருக்கும் அந்த மாவட்டத்தில் வேலை கிடையாது. அவர் பதவிக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே அங்கு வேலை பார்த்தவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. விலக்குப் பெற்ற மனைவியோ கணவனோகூட மற்ற ஊழியர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பில் அமர முடியாது.

இத்தனை கதவுகளை அடைத்த அதே சட்டம், காசு வாங்காமல் பள்ளிக்கு வருகிறவரிடம் கனிவாகப் பேசுகிறது. தன்னார்வலர்கள் பற்றித் தனிப் பிரிவு ஒன்று உண்டு. பிள்ளைகளோடு தொடர்ந்து பழகப் போகிறவருக்குக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும், ஒவ்வொரு மாவட்ட வாரியமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அவர் யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. டெக்சாஸிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அங்கே உறவினர் நியமனத் தடை பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் பதவிகளைத்தான் குறிவைக்கிறது. ஊதியம் இல்லையென்றால் தடையும் இல்லை.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாவட்டக் கண்காணிப்பாளரின் மனைவி செவ்வாய்க்கிழமைதோறும் முதல் வகுப்புக்குப் போய், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார விரும்புகிறார். பணமோ பட்டமோ கேட்கவில்லை. பிள்ளைகள் மேல் உண்மையாகவே பிரியம் உள்ளவர். சட்டம் அவரை அனுமதிக்கிறது. அனுமதிப்பது நியாயம்தானா?

இது அலுவலக நடைமுறை பற்றிய சின்னக் கேள்விபோலத் தோன்றலாம். ஆனால் இதற்குள் பழைய, கனமான இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கைம்மாறு வாங்காததாலேயே ஒரு செயல் சேவை ஆகிவிடுமா? ஒருவரை அவருடைய உறவுகளிலிருந்து பிரித்துத் தனி ஆளாகப் பார்க்க முடியுமா? மதங்களும் அறநூல்களும் ஈராயிரம் ஆண்டுகளாக இந்த இரண்டோடும் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன.

கென்டக்கி இவ்வளவு கடுமையான சட்டம் போட்டதற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி மலைகளில் சுரங்கத்தை விட்டால் நிலையான சம்பளம் தரும் இடம் பள்ளிக்கூடமாகத்தான் இருந்தது. பேருந்து ஓட்டுநர், சமையல்காரர், உதவி ஆசிரியர் என்று ஒவ்வொரு வேலையும் தேர்தல் நேரத்து நாணயமாகப் புழங்கியது. பிரெதிட் கவுண்டியில் எர்வின் டர்னர் கண்காணிப்பாளராக இருந்தார். அவருக்குப் பின் அவர் மனைவி மரீ டர்னர் 1931 முதல் 1969 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஒரே வீட்டுக்குள் அவ்வளவு காலம் ஒரு கவுண்டியின் பள்ளிகள் இருந்தன.

1989இல் மாநில உச்ச நீதிமன்றம், பொதுப்பள்ளி அமைப்பு முழுவதுமே அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவை சொத்து வரி வருமானம் குறைந்த பள்ளி மாவட்டங்கள். அவற்றுக்காக வாதாடியவர் முன்னாள் ஆளுநர் பெர்ட் கோம்ப்ஸ். வழக்கு பணப் பங்கீட்டைப் பற்றியது. ஆனாலும் நல்ல பள்ளி நிர்வாகத்தின் அடையாளங்களாகத் தலைமை நீதிபதி ராபர்ட் ஸ்டீபன்ஸ் சொன்னவற்றில், விரயம் இருக்கக் கூடாது என்பதோடு அரசியல் செல்வாக்கு இருக்கக் கூடாது என்பதும் சேர்ந்தே இருந்தது. அதே ஆண்டு லெக்சிங்டன் ஹெரால்டு-லீடர் நாளிதழ், பள்ளிகளில் நடந்த சொந்தக்காரர் நியமனங்களையும் ஊழலையும் தொடர் கட்டுரைகளில் அம்பலப்படுத்தியது. 1990இல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் இந்த உறவுத் தடைகள் இடம்பெற்றன. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1992இல் மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

ஆக, தடையின் வேர் வேலையில், அதாவது சம்பளத்தில் இருக்கிறது. சம்பளம் இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்று சட்டம் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த அனுமானம் அரைகுறையானது.

இதை அமெரிக்க மத்திய அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1977இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் மனநலத்துக்கான ஆணையம் ஒன்றை அமைத்தார். மனநோயாளிகளின் நிலை பற்றிப் பல ஆண்டுகள் அக்கறையோடு உழைத்தவர் அவர் மனைவி ரோசலின். தலைவர் பொறுப்புக்குத் தகுதியானவர், சம்பளமும் கேட்காதவர். ஆனாலும் அதிகாரிகள் உறவினரை நியமிப்பதைத் தடுக்கும் 1967ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று மத்திய அரசின் நீதித்துறை கருதியது. அதனால் ரோசலின் கௌரவத் தலைவர் ஆனார். முறையான தலைவராக டாக்டர் தாமஸ் பிரையன்ட் நியமிக்கப்பட்டார். ஊர் ஊராகப் போய் விசாரணைகள் நடத்தியதும், 1979இல் செனட் குழு முன் சாட்சியம் சொன்னதும் ரோசலின்தான். 1980இல் மனநல அமைப்புகள் சட்டம் வந்ததில் அவர் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. நீதித்துறை அவருடைய சேவையைத் தடுக்கவில்லை. சேவையிலிருந்து அதிகாரத்தைக் கழற்றிவிட்டது. 2017இல் அதே துறை, வெள்ளை மாளிகைப் பதவிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று வேறு கருத்துச் சொன்னது. அது சட்ட வாசகம் பற்றிய விவாதம். 1977இல் தொட்ட அறக்கேள்விக்கு அதில் விடை இல்லை.

அப்படியானால் சம்பளம் வாங்காத சொந்தக்காரர் பள்ளியில் என்னதான் பெறுகிறார்? எந்த ஆசிரியர் எந்தப் பிள்ளையிடம் எரிந்து விழுகிறார் என்று அவருக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் பேசப்படுவது காதில் விழும். நாளைக்கு ஒரு வேலை காலியானால், ‘ஏற்கெனவே இங்கே உழைத்தவர்’ என்ற தகுதி கையில் இருக்கும். இவையெல்லாம்கூடச் சிறியவை. பெரியது அந்த வகுப்பாசிரியரின் நிலை. கண்காணிப்பாளரின் மனைவி பிள்ளையின் உச்சரிப்பைத் தப்பாகத் திருத்துகிறார், அல்லது ஒரு பிள்ளையின் வீட்டுக் கதையை வெளியே பேசிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்தத் தன்னார்வலரிடமும் ஆசிரியர் சொல்லிவிடுவார்: இனி இப்படிச் செய்யாதீர்கள், அடுத்த வாரம் வர வேண்டாம். இவரிடம் அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வேலை ஒப்பந்தம், இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரில் உட்காரும் மனிதரின் கையெழுத்தில் இருக்கின்றன. மனைவி நல்லவராக இருக்கலாம். கணவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆசிரியருக்கு அதை நம்பிப் பார்க்க வசதியில்லை. தவறினால் இழப்பு அவருக்குத்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கொடுப்பவர் கை சுத்தமா என்பது அல்ல. வாங்குபவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பதுதான். பள்ளியில் உதவியை வாங்குபவர் ஆசிரியர், அவர் வழியாகப் பிள்ளை. அவரால் மறுக்க முடியாத உதவி எவ்வளவு அன்போடு வந்தாலும் அதில் ஒரு கட்டளை ஒளிந்திருக்கிறது.

கென்டக்கி மக்கள் விவிலியத்தை ஊன்றிப் படிக்கிறவர்கள். இந்தக் கேள்வியை அவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சாமுவேலின் முதல் நூலின் தொடக்கக் கதை சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்தில் நடக்கிறது. அங்கே குரு ஏலி. அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் அதே இல்லத்தில் ஊழியம் செய்கிறார்கள். பலி செலுத்த வருகிறவர்களின் இறைச்சியை முறை தவறி எடுத்துக்கொள்கிறார்கள். கொழுப்பு எரிந்து முடியட்டும், பிறகு எடுங்கள் என்று யாராவது சொன்னால், இப்போதே கொடு, இல்லையென்றால் பிடுங்கிக்கொள்வோம் என்று அவர்களுடைய ஆள் மிரட்டுகிறான். இறைச்சியைத் திருடினார்கள் என்பதோடு நிறுத்தாமல், மக்களால் மறுக்க முடியவில்லை என்பதையும் நூல் எடுத்துச் சொல்கிறது. மக்கள் காணிக்கையையே வெறுக்கும்படி ஆயிற்று என்பதுதான் அந்தக் கதையின் பெருந்துயரம். அதே இல்லத்தில், அதே நாட்களில், இன்னொரு ஊழியக்காரனும் இருக்கிறான். அன்னாள் என்ற பெண் நேர்ந்துகொண்டபடி கொண்டுவந்து விட்ட சிறுவன் சாமுவேல். அவன் ஏலியின் பிள்ளை இல்லை. அவன் தாய்க்கு அந்த இல்லத்தில் எந்தச் செல்வாக்கும் இல்லை. ஆண்டுதோறும் அவனுக்கு ஒரு சின்ன அங்கி தைத்து எடுத்து வருவாள், அவ்வளவுதான்.

தீர்ப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். மகன்கள் அழிகிறார்கள். ஆனால் ஆண்டவரின் வாக்கு ஏலியைத்தான் நேரே குறிவைக்கிறது: மகன்கள் செய்வது தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதற்காக. ஏலி சும்மா இருந்தவர் இல்லை, கண்டித்தார். பதவியில் இருப்பவருக்குக் கண்டிப்பது போதாது, நிறுத்த வேண்டும் என்பது நூலின் நிலை. அதைவிட வலிக்கும் பகுதி பின்னால் வருகிறது. சீலோவில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து வளர்ந்த சாமுவேலே முதுமையில் தன் மகன்கள் யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவில் நீதிபதிகளாக அமர்த்துகிறார். அவர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள். மூப்பர்கள் வந்து, உம் மகன்கள் உம் வழியில் நடக்கவில்லை, எங்களுக்கு ஓர் அரசனைத் தாரும் என்கிறார்கள். நல்லவர் ஒருவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடிய காரியம் இல்லை இது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி கிடைப்பது அரிது.

ஆனாலும் உறவே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. திருவள்ளுவர் ஓரிடத்தில், உறவின் பற்று இல்லாதவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்காதே, அவர்கள் பழிக்கு நாணமாட்டார்கள் என்ற பொருளில் எச்சரிக்கிறார். தன் நடத்தையால் தலைகுனியப் போகும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்பது அவர் கணிப்பு. அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறியாதவரைத் தேர்ந்தெடுப்பது பேதைமை என்று அதே அதிகாரத்திலேயே சொல்லவும் செய்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் உறவு மனிதரைக் கட்டும், கண்ணையும் கட்டும்.

பொதுப்பள்ளியின் சொந்த வாழ்க்கையும் உறவின் மேல்தான் நிற்கிறது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளுக்கு நிதி தரும் அமெரிக்க மத்தியச் சட்டம், பெற்றோர் தம் பிள்ளையின் வகுப்பில் தன்னார்வலராக உதவ வாய்ப்புத் தர வேண்டும் என்று பள்ளிகளைப் பணிக்கிறது. டெக்சாஸ் சட்டம் தன்னார்வலர்களுக்கான குற்றப் பின்னணிச் சரிபார்ப்பில் பிள்ளையின் அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் விலக்குத் தருகிறது. அந்தப் பாட்டி உள்ளே வருவது பேரப்பிள்ளையின் சொந்தம் என்பதால்தான். அவரே வாரிய உறுப்பினரின் தாயாகவும் இருந்தால்? ஓர் உறவு கதவைத் திறக்கிறது, இன்னோர் உறவு அடைக்கிறது. இரண்டும் ஒரே பெண்ணின் உடம்பில் வந்து நிற்கின்றன. தாயாக, பாட்டியாக வருகிறவரை மனைவியாக மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்புவது அவருக்குச் செய்யும் அநீதி. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கணவரோ மகனோ ஒரு பதவியை விரும்பினார், அவ்வளவுதான்.

எந்த உறவோடு கோடு போடுவது என்பதிலும் மாநிலங்களுக்குள் ஒற்றுமை இல்லை. டெக்சாஸ் இரத்த உறவில் மூன்றாம் படி வரை போகிறது. மாமா, சித்தி, அண்ணன் மகள் எல்லாம் அதற்குள் வருகிறார்கள். வர்ஜீனியா மருமகன், மருமகள், மைத்துனர் வரை சேர்த்துக்கொள்கிறது. கென்டக்கியின் எட்டுக்குள் மருமகள் இல்லை. ஒரே தேவாலயத்தில் இருபது ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்த நண்பர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பட்டியல் போடும் இந்தப் பழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உத்திரமேரூர் சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்பதோடு, அவருடைய சொந்தக்காரர்களின் பெயரையும் எழுதக் கூடாது என்றது. அந்தப் பட்டியல் கென்டக்கியைவிட நெடியது: சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மைத்துனர், மருமகன் என்று விரிகிறது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. உத்திரமேரூர் ஒருவர் கணக்குக் காட்டாமல் போன பிறகுதான் அவர் சுற்றத்தை விலக்கியது. கென்டக்கி யாரும் எந்தத் தப்பும் செய்வதற்கு முன்பே விலக்குகிறது. முன்னது குற்றத்துக்குத் தண்டனை. பின்னது ஒருவர் தவறக்கூடிய இடத்தில் அவரை நிறுத்தாதிருக்கும் காப்பு. அதை யார் மேலும் சுமத்திய பழியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அப்படிப் பார்த்தால் தடையின் எடையை உறவினர் சுமக்க வேண்டியதில்லை, பதவியில் இருப்பவர்தான் சுமக்க வேண்டும்.

கென்டக்கிச் சட்டத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. 1990 சீர்திருத்தம் ஒவ்வொரு பள்ளிக்கும் முதல்வர், மூன்று ஆசிரியர்கள், இரண்டு பெற்றோர் கொண்ட ஒரு மன்றத்தைத் தந்தது. பெற்றோர் உறுப்பினர் சம்பளம் வாங்காதவர். ஆனாலும் அந்தப் பள்ளி ஊழியரின் உறவினரோ, மாவட்ட அலுவலக ஊழியரின் உறவினரோ, வாரிய உறுப்பினரின் மனைவியோ கணவரோ அந்த நாற்காலியில் உட்கார முடியாது. மன்றத்தின் அதிகாரம் இப்போது முன்போல இல்லை என்றாலும் விதியின் உள்ளறிவு சரியானது. கதை வாசித்துக் காட்டுவது வேறு, முடிவெடுக்கும் மேசையில் உட்காருவது வேறு. அதேபோல், கண்காணிப்பாளரின் உறவினர் பதிலி ஆசிரியராக வரலாம், ஆனால் மற்றப் பதிலி ஆசிரியர்களைவிட அவருக்கு முன்னுரிமை தரக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தன்னார்வலர் கொள்கை எழுதும் எந்த வாரியமும் இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய மாவட்டங்களில் இது எளிது. லூயிவில் நகரப் பள்ளிகளில் கண்காணிப்பாளரின் மனைவியை நேரில் அறியாத முதல்வர்கள் ஏராளம் இருப்பார்கள். ராபர்ட்சன் கவுண்டியில் என்ன செய்வது? 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 2,193 பேர்தான். மாநிலத்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி அது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளி. வேறு பள்ளிக்குப் போங்கள் என்று யாரையும் அனுப்ப முடியாது. அங்கே வேலை செய்யும் எல்லோரும் கடைசியில் ஒரே கண்காணிப்பாளரின் கீழ்தான். அப்படிப்பட்ட ஊரில் சொந்தக்காரர்களை விலக்கினால் உதவிக்கு வரக்கூடியவர்களில் நல்லதொரு பங்கை விலக்குவதாகும். அந்த இழப்பு எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்குத்தான்.

அங்கே கண்காணிப்பாளர் தன் கையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். மனைவி எந்த வகுப்புக்குப் போவது என்பதை அவர் முடிவு செய்யக் கூடாது, முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் கூடாது. யாரை அழைப்பது என்று ஆசிரியர்களே பெயர் சொல்லாமல் எழுதிக் கொடுக்கலாம். மனைவி மற்றவர்களைப்போல விண்ணப்பம் நிரப்பி, சரிபார்ப்பு முடியும் வரை காத்திருந்து, வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். சாவி வேண்டாம், மாணவர் கோப்புகள் வேண்டாம், மற்றத் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் வேண்டாம். அவர் வந்துபோகும் வகுப்பின் ஆசிரியருடைய ஒப்பந்தம் பற்றிய கேள்வி எழும்போது, கண்காணிப்பாளர் தவிர்த்த இன்னொருவரின் மதிப்பீடும் எழுத்தில் இருக்க வேண்டும். மனைவியைப் பற்றிய புகார் கணவரிடம் போகாமல் நேரே வாரியத் தலைவரிடம் போக வேண்டும். புகார் கொடுத்த ஆசிரியரை அந்த ஆண்டு இடம் மாற்றினால், ஏன் மாற்றினார்கள் என்று வாரியம் திறந்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.